யம்னா அடுக்கிய வீடுகள்

மக்களைக் கேட்காமல் மண்ணில் ஒரு கல்லும் வைக்கலாகாது என்ற பேருண்மையை உலகுக்கு முதன்முதலாக அறிவித்த ஊர் சீதி மஸ்கூர். மொராக்கோவின் மேற்குக் கடற்கரையில், மூடிக் கிடந்த மத்தி மீன் டப்பா ஆலையை என்ன செய்யலாம் என்று ஊரைக் கூட்டிக் கேட்ட நாள் மானுட வரலாற்றில் ஒரு திருப்பம் என்கிறது நகராட்சி அச்சடித்த வழவழப்பான புத்தகம். அன்று பிற்பகல், ஆலை மதிலை ஒட்டிய ஏழு தொழிலாளர் வீடுகளிலும் தரையைப் பிளந்துகொண்டு புல் முளைத்தது. புத்தகத்தில் இது இல்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நகராட்சி மண்டபத்தின் நடுவில், மேசை அகலத்துக்கு, வரப்போகும் கடற்கரையின் மர மாதிரி ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் ஆலை இருந்த இடத்தில் விடுதி, படகுத்துறை, நடைபாதை எல்லாம் இருந்தன. ஏழு வீடுகள் இருந்த இடத்தில் பச்சைத் துணி ஒட்டியிருந்தது. மாதிரியில் ஒட்டியது எதுவானாலும் இரண்டொரு நாளில் ஊரில் வந்து நின்றது. விளக்குக் கம்பங்கள் அப்படித்தான் வந்தன. பேரீச்சை மரங்கள் வேரோடு வந்தன. நட்டதற்கான தொகையை ஒப்பந்தக்காரர் வாங்கிக்கொண்டார். ஒருநாள் படகுத்துறை மேல் ஈ ஒன்று உட்கார்ந்தது. அது எழுந்து பறக்கும்வரை மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை. மண்டபத்தில் ஈப்பொறி வைத்ததோடு அந்த விவகாரம் முடிந்தது.

யம்னா அந்த ஆலையில் முப்பது வருடம் மீன் அடுக்கியவள். படகு வந்து ஆலைச் சங்கு ஊதினால், பிசைந்த மாவைப் பாதியில் விட்டு ஓடிய பெண்களில் ஒருத்தி. ஆலை மூடியபோது அவளுக்கு மிஞ்சியது அந்த வீடு மட்டும்தான். அதை விட்டால் போக்கிடம் கிடையாது. முதல் கூட்டத்தில் அவள் எழுந்து, எங்கள் வீடுகள் எங்கே என்று கேட்டாள். காசாபிளாங்காவிலிருந்து வந்த ஆலோசகர் கென்ஸா கனிவாகச் சிரித்து, அவள் கருத்து பதிவு செய்யப்பட்டது என்றாள். வீடு திரும்பியபோது புல் விரலளவு ஏறியிருந்தது. இரண்டாம் கூட்டத்தில் யம்னா இன்னும் உரக்கக் கேட்டாள். கருத்து இன்னும் சிறப்பாகப் பதிவு செய்யப்பட்டது. புல் முழங்காலைத் தொட்டது. அரிவாளால் அறுத்தால் அறுத்த கை திரும்புமுன் வளர்ந்தது. ரொட்டிப் பலகைக்கு அடியில், மெத்தைக்குள், தேநீர்க் கெண்டியின் மூக்கில்கூட வந்தது. சுவர்கள் வெயிலில் வைத்த சோப்புபோல மெலியத் தொடங்கின. பக்கத்து வீட்டு ஹாதூம் இருமினால் சுவர் வழியே அவள் உருவமே நிழலாகத் தெரிந்தது.

"நீ வாயைத் திறக்காத வரைக்கும் தரை தரையா இருந்துச்சு," என்றாள் ஹாதூம். "இன்னொரு தடவை கருத்து சொன்னேன்னா நாம ஆட்டுக்கூட்டத்தோடதான் குடும்பம் நடத்தணும், பாத்துக்க."

நகராட்சித் தலைவர் ஹாஜி துஹாமி நேரில் வந்து பார்த்தார். காலணியைக் கழற்றிப் புல்லில் நடந்தும் பார்த்தார். "குளிர்ச்சியாத்தானேம்மா இருக்கு," என்றார்.

"அப்ப உங்க கூடத்துலயும் கொஞ்சம் போட்டுக்குங்க, ஹாஜி," என்றாள் யம்னா.

மூன்றாம் கூட்டம்தான் கடைசி. மாகாண ஆளுநர் வந்து மாதிரியின் மேல் கண்ணாடி இறக்கி முத்திரை வைப்பார். அதன் பிறகு எதையும் மாற்ற முடியாது. அன்று காலை ஏழு வீட்டுச் சுவர்களின் வழியேயும் கடல் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் வீடு இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஹாதூம் பாத்திரங்களைப் போர்வையில் கட்டிவிட்டு யம்னாவோடு நடந்தாள்.

மண்டபத்தில் கென்ஸா ஆளுக்கொரு பிடி மரத்துண்டு கொடுத்து, உங்கள் கனவை நீங்களே வையுங்கள் என்றாள். ஒருவர் பந்து மைதானம் வைத்தார், ஒருவர் மருந்துக்கடை வைத்தார். தலைவரின் ஆட்கள் பின்னாலேயே வந்து கனவுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்கள். யம்னா ஏழு துண்டுகளோடு நின்றாள். பச்சைத் துணியில் எதுவும் ஒட்டவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. விடுதிக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு ஒடுக்கமான சந்து மட்டும் வெறுமையாக இருந்தது. பழையபடி வரிசையாக, வாசல் தெருவைப் பார்க்க வைக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். வெளியே ஆளுநரின் கார் வந்துவிட்டது. குறித்த நேரத்துக்கு முன்பே. யாரோ கத்தினார்கள், யாரோ ஓடினார்கள். அந்தப் பதற்றத்தில் நினைப்பு ஒருபக்கம் நிற்க, கை தனக்குத் தெரிந்த மீன் அடுக்கும் வேலையைச் செய்தது. முதல் துண்டு வால் கடல் பக்கம், அடுத்தது வால் தெருப் பக்கம், மறுபடி கடல், மறுபடி தெரு என்று ஏழையும் நெருக்கி அடுக்கியது.

ஓரத்தில் கட்டைவிரல் நுழையும் இடைவெளி மிஞ்சியது. ஆலையில், குலுக்கினால் சத்தம் வரும் டப்பாவை மேற்பார்வைக்காரி முகத்திலேயே எறிவாள். யம்னாவின் கை பாராமலே மாதிரியில் பக்கத்திலிருந்த குன்றின் மேலிருந்து ஒரு சிறு வெள்ளைத் துண்டை எடுத்து அந்த இடைவெளியில் செருகி, கட்டைவிரலால் அழுத்தியது.

தலைவரின் ஆள் கூடையோடு ஓடிவந்தான். "இப்ப எதையும் தொடாதே, ஆளுநர் பாக்குறாரு," என்று ஹாஜி துஹாமி பல்லைக் கடித்தார். "கிடக்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்." ஆளுநர் கைதட்ட, கண்ணாடி இறங்கியது. முத்திரை வைத்தாயிற்று. அதைத் திறக்க வேண்டுமானால் மறுபடி மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்று விதியில் இருந்தது. அந்த அபாயத்துக்கு யாரும் தயாராக இல்லை.

சாயங்காலம் ஆலை மதிலோரம் முழுவதும் நல்ல புல்வெளியாக இருந்தது. ஏழு வீடுகளும் கெட்டிச் சுவர்களோடு சந்துக்குள் போயிருந்தன, காற்று புக இடமின்றி. யம்னாவின் வாசல் கடலைப் பார்த்தது, ஹாதூமின் வாசல் தெருவை. ஒருத்தியைப் பார்க்க மற்றொருத்தி சுற்றி வரவேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் அடுப்பங்கரைச் சுவரில் துளை போட்டு அதையும் சரிசெய்தார்கள். வரிசையின் கடைசியில், யம்னாவின் வீட்டோடு ஒட்டி எட்டாவதாக ஒரு வெள்ளை மாளிகை செருகியிருந்தது. அது ஹாஜி துஹாமியின் வீடு. திட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாதிரி செய்த தச்சர் மரியாதைக்காக அதைக் குன்றின் மேல் செய்து வைத்திருந்தார்.

தலைவர் மக்களோடு மக்களாக வாழக் குடிபெயர்ந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. வழவழப்பான புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் அவர் படம் இருக்கிறது. ஊரும் பழகிவிட்டது, எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தபால்பெட்டி. ஆனால் அழுத்திய வேகத்தில் மாளிகையின் பின்கட்டு யம்னாவின் பக்கம் பிதுங்கிவிட்டது. தலைவர் கழிவறைக்குப் போக அவள் சமையலறையைத் தாண்ட வேண்டும். கதவைத் தட்டி, கேட்டுவிட்டுத்தான் போகிறார்.