அலமாரிக்கு மரியாதை

அந்த நாடகமன்றத்தில் வாயிற்காவலர் முதல் தலைவர் எக்கார்ட் வரை எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் பேசவேண்டும். ஜெர்மனியில் மற்ற அலுவலகங்களில் இப்படிப் பேசினால் முறைப்பார்கள்; இங்கே அதற்குப் பெயர் சமத்துவம். சம்பளம் அந்தச் சமத்துவத்துக்குள் வராது.

ரோஸ்வித்தாவுக்கு அங்கே பதினான்காவது ஆண்டு. பதினைந்தை முடித்துவிட்ட நடிகரை அசைக்க முடியாது என்பது விதி. ஆகவே பதினான்கிலேயே அசைத்துவிடுவது வழக்கம். யாருக்கு ஒப்பந்தம் நீளாது என்பதை அக்டோபர் முடிவதற்குள் சொல்லியாகவேண்டும். இப்போது அக்டோபர். ஐம்பத்திரண்டு வயதுக்காரியை வேறு ஊர் மன்றம் எதுவும் கூப்பிடப்போவதில்லை.

இந்த முறை அவளுக்கு அலமாரி வேடம். நாடகத்துக்கு மூலம் இருண்ட, விசித்திரமான ஒரு பழைய நாவல். படிக்காதவர்களும் புகழும் வகை. செத்துப்போன தாய் தன் இழவு விருந்துக்கே அலமாரியாகத் திரும்பி வருகிறாள். பிள்ளைகள் அடையாளம் தெரிந்தும் அவளுக்குள் துணியை மடித்து வைக்கிறார்கள், கடைசியில் விற்றுவிடுகிறார்கள். இயக்குநர் லுட்கர் வசனம் முழுவதையும் வெட்டிவிட்டு, உடலே போதும் என்று அறிவித்திருந்தார். வெட்டிய பிறகும் நாடகம் இரண்டரை மணி நேரம் ஓடியதில்தான் அவருடைய மேதைமை இருந்தது. அலமாரி என்பது ஐரோப்பாவின் அமுக்கப்பட்ட நினைவு என்று ஒத்திகையில் விளக்கினார்.

"கதவுன்னு கையை விரிக்கும்போது எனக்குத் தோள்பட்டை பிடிச்சுக்குது. அதுவும் ஐரோப்பாதானா?" என்று ரோஸ்வித்தா கேட்டாள். லுட்கர் அதையும் குறித்துக்கொண்டார்.

அரங்கேற்றத்தன்று எக்கார்ட் ஒப்பனை அறைக்கு வந்து, வழக்கப்படி ஒவ்வொருவரின் இடது தோளுக்கு மேலாகத் துப்புவதுபோல் பாவனை செய்து 'தோய் தோய் தோய்' என்று நாடகக்காரர்களின் வாழ்த்தைச் சொன்னார். அந்த வாழ்த்தைக் கேட்டவர் நன்றி மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் நாடகம் கவிழ்ந்துவிடும். கடவுளைக் கிண்டல் செய்து நாலு நாடகம் போட்டவர்களும் இதை மீறமாட்டார்கள்.

ரோஸ்வித்தாவிடம் வந்தார். "தோய் தோய் தோய். நீங்க நல்லா பண்ணுவீங்க, ரோஸ்வித்தா."

சொன்னதை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். பதினான்கு ஆண்டுகளாக நீ, இன்று நீங்க. இந்த மனிதர் மனசுக்குள் ஏற்கனவே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நன்றி," என்றாள், தன்னையறியாமல்.

மகளாக நடிக்கும் வீப்கே தலையில் கைவைத்தாள். "அடிப்பாவி, கெடுத்தியே!"

கடைசிக் காட்சியில் வீப்கே உட்பட நான்கு பேர் அலமாரியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அன்று தூக்க முடியவில்லை. ரோஸ்வித்தா எதையும் தீர்மானித்துச் செய்யவில்லை; பாதங்கள் மேடைப் பலகையை விடவில்லை, அவ்வளவுதான். நால்வருக்கும் மூச்சு வாங்கியது. "விட்டுக்குடுடி, எல்லாரும் பாக்கறாங்க," என்று வீப்கே பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். கடைசியில் இழுத்துத்தான் போனார்கள். அவள் குதிகால் தரையில் உரசும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

கைதட்டல் ஓயவில்லை. அந்த எதிர்ப்பை வாரக்கணக்கில் செதுக்கியதாக லுட்கர் கையில் ஒயினுடன் பத்திரிகைக்காரர்களுக்குச் சொன்னார்.

திங்கட்கிழமை எக்கார்ட் அவளைக் கூப்பிட்டனுப்பினார். முடிவெடுத்தாகிவிட்டது; ஆனாலும் அவள் பக்கத்தைக் கேட்கவேண்டும் என்பது விதி. அவர் தாளைப் பார்த்துப் படித்தார். "உங்க பங்களிப்பை நாங்க ரொம்ப மதிக்கிறோம். ஆனா கலை சார்ந்த காரணங்களால உங்க ஒப்பந்தத்தை..."

"நீன்னே சொல்லு, எக்கார்ட்."

அவர் தாளுக்குத் திரும்பினார். அதில் அப்படி எழுதியிருக்கவில்லை. "நீ..." என்று தொடங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"நீ போகணும், ரோஸ்வித்தா."

அவள் தலையசைத்தாள். இந்த முறை நன்றி சொல்லவில்லை.

வேலை போனது அந்த நன்றியால் வந்த வினைதான் என்று உணவகத்தில் வீப்கே எல்லோருக்கும் விளக்கினாள்.

அன்று மாலை நாடகத்தில் நால்வரும் அலமாரியைச் சிரமமில்லாமல் தூக்கிப்போனார்கள். காலிப் பெட்டி மாதிரி இருந்தாள். லுட்கருக்குத் திருப்தியில்லை.

"அந்தக் கனம் எங்க போச்சு?" என்று திரைக்குப் பின்னால் வந்து கேட்டார். "அதுதானே நாடகமே."