குடிலுக்கு அடியில் ஒரு ரயில்

பிராங்க்ளினுக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் அவன் தூங்கமாட்டான். பக்கத்து வீட்டுக்காரர்களையும் தூங்க விடமாட்டான். அந்த வருஷம் சீட்டில் அவன் பெயர் வந்ததும் அப்படித்தான் ஆயிற்று.

பழவேற்காட்டை ஒட்டிய அந்த ஏரிக்கரைக் குப்பத்தில் மாதா கோயில் முன்னால் கட்டுகிற கிறிஸ்துமஸ் குடிலுக்கும் முறை உண்டு. ஏரியில் வலை போட இன்றைக்கு இன்னார் பாடு, நாளைக்கு இன்னார் பாடு என்று சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொள்கிறவர்கள் குடிலையும் அதேபோல வீட்டுக்கு வீடு சுற்ற விட்டிருந்தார்கள். இந்த முறையைக் கோட்டைவிட்டால் அடுத்தது வருவதற்குள் பிராங்க்ளினுக்குத் தலை நரைத்துவிடும்.

"வைக்கோலு, மாடு, மூணு ராஜா. எல்லாரும் வைக்கிறதுதான்," என்றான், ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடும் தன் கூட்டாளி தேவதாஸிடம். "நான் அதுக்கு அடியில ரயில் வுடப்போறேன். பெத்லகேமுக்குக் கீழ மெட்ரோ!"

"ஏசு பொறந்தப்ப மெட்ரோ இருந்துச்சாடா?"

"சீரியல் லைட்டு இருந்துச்சா? உன் முறையப்ப நீ தென்னமரம் பூரா சுத்துனியே?"

தேவதாஸ் சிரித்துக்கொண்டே படகுக்கு ஒட்டுப் போடக் குனிந்தான்.

அந்த யோசனைக்கு உள்ளே வேறொரு காரணம் இருந்தது. அதை அவன் தேவதாஸிடம்கூடச் சொல்லவில்லை. அவன் மனைவி ஜெபசெல்விக்குச் சென்ட்ரலில், தரைக்கு அடியில் இருக்கும் மெட்ரோ ஸ்டேஷனில் வேலை. பிளாட்ஃபாரத்தில் நின்று கூட்டத்தை ஒழுங்கு பண்ணுகிற வேலை. மீஞ்சூரில் சித்தி வீட்டில் தங்கி ரயிலில் போய் வருவாள். லீவு கிடைத்தால் ஊருக்கு வருவாள். "நான் நிக்கிற எடத்த ஒரு தபா வந்து பாரேன்யா," என்று ஆசையாகக் கூப்பிட்டாள். இவனும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனான். கீழே இறங்கும் நகரும் படிக்கட்டின் தலைமாட்டில் நின்று எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான், கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். தலைக்கு மேல் வானம் இல்லாமல் அவன் ஒருநாளும் வேலை செய்ததில்லை. ஒரு காலைத் தூக்கினான், இழுத்துக்கொண்டான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஓரமாக ஒதுங்கிப் போனை எடுத்து, "பஸ்ஸு போய்டும் ஜெபா, இன்னொரு நாள் வரேன்," என்று புளுகிவிட்டுத் திரும்பிவிட்டான். அவள் கீழே தோழிகளோடு காத்துக்கொண்டிருந்தாள். "சரி" என்று ஒரு சொல்தான் சொன்னாள். அந்தச் 'சரி' அவனுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

அவள் ஸ்டேஷனுக்கு அவனால் போக முடியாது. சரி, அவள் ஸ்டேஷனை இங்கே கொண்டுவந்துவிட்டால்? கிறிஸ்துமஸுக்கு வரும்போது அவள் அதைப் பார்க்க வேண்டும், பார்த்துச் சிரிக்க வேண்டும். அது நடந்தால் போதும் அவனுக்கு.

முதலில் செல்போனில் தேடினான். வெளிநாட்டில் சுரங்க ரயிலுக்கென்றே பெட்டி பெட்டியாகச் சாமான் விற்கிறார்கள் என்று தெரிந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வளைந்த சுவர் தனியாக, சுரங்கத்தின் வாய் தனியாக, பெஞ்சும் குப்பைத்தொட்டியும்கூடக் குட்டி குட்டியாக! ஆனால் விலையைப் பார்த்தால் அதற்கு ஒரு புது வலையே எடுத்துவிடலாம். அதுவும் கப்பலில் வந்து சேர்வதற்குள் ஈஸ்டர் ஆகிவிடும். போனை மடியில் கட்டிக்கொண்டு பாரிமுனைக்குப் பஸ் ஏறினான்.

பொம்மைக் கடைகள் இருக்கும் சந்துகளில் ஏறி இறங்கினான். எங்கு கேட்டாலும் கூவிக்கொண்டு புகை விடும் கரி இஞ்சினைத்தான் எடுத்து நீட்டினார்கள். "தரைக்கு அடியில பொக வுட்டா ஏறுனவன் கதி இன்னா ஆவறது?" என்று ஒவ்வொரு கடையிலும் சண்டை பிடித்தான். கடைசியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த கடையில், சகாதேவன் என்பவர் அவன் சொன்னதை முழுசாகக் காது கொடுத்துக் கேட்டார்.

"தம்பி, சுரங்க ரயிலுக்குன்னு தனியா எதுவும் இங்க வராது. மேல ஓடுறத வாங்கு. மேல மூடு. அது சுரங்க ரயிலு."

பிராங்க்ளின் அவரையே பார்த்தான். பிறகு கல்லாவில் ஓங்கித் தட்டிச் சிரித்தான். "அண்ணே! இது தெரியாம நான் காலையில இருந்து நாயா அலையிறேனே!"

சகாதேவனுக்கும் சூடு பிடித்துவிட்டது. ஏணி போட்டுப் பரணில் ஏறினார். தூசியோடு ஒரு பெட்டியை இறக்கினார். கவரைக் கிழித்தால், உள்ளே மூக்கு சப்பையாக, புகைப்போக்கி இல்லாத, பேட்டரியில் ஓடும் ரயில். நாலு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஜன்னல். வளைவுத் தண்டவாளம் ஒரு கட்டு. பிராங்க்ளினுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கடைத் தரையிலேயே பூட்டி ஓட்டிப் பார்த்தார்கள். வாசலில் வந்து நின்ற வாடிக்கைக்காரரைக்கூடச் சகாதேவன் கவனிக்கவில்லை.

"ஸ்டேஷன் எப்புடி பண்ணப்போற? செவுரு டைல்ஸா, கல்லா? பிளாட்ஃபாரம் நடுவுலயா, ரெண்டு பக்கமா?"

பிராங்க்ளின் அந்த ஸ்டேஷனைப் பார்த்ததே இல்லை. "பாத்துக்கலாம்ணே," என்று சொல்லிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினான்.

மற்றதெல்லாம் ஊரிலேயே கிடைத்தது, அதுதான் வேடிக்கை. பாரிமுனை முழுக்க அலைந்தவனுக்குக் காலடியில் கிடந்தது இப்போதுதான் கண்ணில் பட்டது. அகலமான பிளாஸ்டிக் குழாயை நெடுக்காக அறுத்தால் சுரங்கத்தின் கூரை. மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டிகளை வெட்டினால் சுவரும் பிளாட்ஃபாரமும். தண்டவாளம் நகராமல் இருக்க வலையில் கோக்கும் ஈயக்குண்டு. வலை மிதவைகளுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்தால் பயணிகள்! ஒரே ஒரு மிதவைக்கு மட்டும் ஜெபாவின் யூனிஃபார்ம் நிறத்தைப் பார்த்துப் பார்த்துப் பூசிப் பிளாட்ஃபாரத்தில் நிறுத்தினான். அந்தக் கரையில் ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். தரைக்கு அடியில் ரயில் விட வழியில்லை. எனவே தரையைத்தான் தூக்கினான். இடுப்பு உயரத்துக்குப் பலகை மேடை, அதன்மேல் சுரங்கம், சுரங்கத்தின்மேல் மணல், மணலில் பெத்லகேம். முன்பக்கம் மட்டும் திறப்பு விட்டு, மூட ஒரு துணி தொங்கவிட்டான்.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் எல்லாம் முடிந்தது. ரயில் சுற்றிச் சுற்றி வந்தது. பிராங்க்ளின் துணியை இறக்கிவிட்டுக் குளிக்கப் போனான். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவன் குளித்ததில்லை.

திரும்பி வந்தால் பெத்லகேம் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்று ராஜாக்களும் குப்புறக் கிடந்தார்கள். மணல் சரசரவென்று கொட்டியது. உள்ளேயிருந்து பிறாண்டும் சத்தம். துணியைத் தூக்கினான். சுரங்கத்துக்குள் ஒரு பூனை, பிளாட்ஃபாரத்தில் ஒரு பூனை. வளைவில் ரயிலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது இன்னொன்று. தெர்மோகோல் சுவரைக் கடித்துக் கடித்துத் துப்பியிருந்தன. பயணிகள் திசைக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தார்கள்.

"அய்யோ, என் ஸ்டேஷன்!" என்று அலறிக்கொண்டு மேடைக்குள் தலையை விட்டான்.

"யோவ், இன்னாய்யா பண்ணினுகீற?"

ஜெபசெல்வி. தோளில் பை, கையில் கேக் டப்பா. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மேடைக்கு வெளியே உதைத்துக்கொண்டிருந்த இரண்டு கால்கள்தான்.

அவன் வெளியே வந்தான். முடியெல்லாம் மணல். அழுகையே வந்துவிடும்போல இருந்தது. "உன் ஸ்டேஷனு ஜெபா. உனக்குக் காட்டலாம்னு... பூனை வந்து எல்லாத்தையும்..."

அவள் குனிந்து ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். உடனே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இது எறா போன பொட்டிதானே? நாத்தம் கொடலப் புடுங்குதே!"

"கழுவுனேனே?"

"எதுல?"

"ஏரித் தண்ணியிலதான்."

மாதா கோயில் முன்னால் அத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் மூக்கிலாவது அது ஏறியிருக்க வேண்டுமே! பிறந்ததிலிருந்து மீனோடு கிடக்கிற ஊரில் யாருக்கு அது வாசனை? பட்டணத்தில் இருந்துவிட்டு வந்தவளுக்கும் பூனைகளுக்கும்தான் தெரிந்தது. ஜெபசெல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் பையை ஓரமாக வைத்துப் புடவையை இழுத்துச் செருகினாள்.

"குடிலுக்கு வெளக்குப் போட சாமியாரு எப்ப வராரு?"

"பொழுது சாய."

"அப்ப டைம் கீது. தேவதாஸக் கூப்புடு. ஃபைபர் துண்டு எடுத்துனு வரச் சொல்லு. இந்தத் தெர்மோகோல மொதல்ல தூக்கி எறி."

தேவதாஸ் ஒரு கோணி நிறைய ஃபைபர் துண்டு கொண்டுவந்தான். மூன்று பேரும் மண்டியிட்டு உட்கார்ந்து அறுத்தார்கள், ஒட்டினார்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். புதுப் பிளாட்ஃபாரத்தைப் பிராங்க்ளின் ஆசையாக நிறுத்தி வைத்தான். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கண்ணாடிக் கதவு எங்க?"

"இன்னா கதவு?"

"பிளாட்ஃபாரம் ஓரம் பூரா கண்ணாடியாலதான்யா மூடிக்கீது. ரயிலு வந்து நின்னாத்தான் கதவு தொறக்கும். நாள் பூரா நான் அது முன்னாலதானே நிக்கிறேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. அவளுக்கென்று கட்டியதில் அவள் நிற்கிற இடமே இல்லை! தேடாத கடை இல்லை, கேட்காத ஆள் இல்லை. அவளிடம் மட்டும் கேட்கவில்லை. போய்ப் பார்க்கவும் இல்லை. அவள் கோபிக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. கேக் டப்பாவைத் திறந்து கேக்கைத் தேவதாஸின் கையில் வைத்தாள். கண்ணாடி மாதிரி இருந்த மூடியைக் கத்தரித்துப் பிளாட்ஃபாரத்தின் ஓரத்தில் வரிசையாக நட்டாள். நட்டுக்கொண்டே சொல்லிக்கொண்டும் போனாள்: ரயில் வருவதற்கு முன்னால் கண்ணாடிக்குப் பின்னால் எப்படி வெளிச்சம் ஓடிவரும், கதவு திறந்ததும் கூட்டம் எப்படிப் பொங்கும், வழி கேட்கிற கிழவிகள் எப்படி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். பிராங்க்ளின் கையில் பசையோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பயத்தைவிட ஆசை பெரிதாகிக்கொண்டு வந்தது.

மேடைக்கு அடியில் உருண்டு கிடந்த ஒரு மிதவையை அவள் எடுத்தாள். யூனிஃபார்ம் போட்ட மிதவை. பூனை ஒரு ஓரத்தைக் கடித்திருந்தது. "இது நானா?" என்றாள். அவன் தலையாட்டினான். அவள் அதைக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால், சரியான இடத்தில் நிறுத்தினாள்.

பொழுது சாயச் சாமியார் வந்து விளக்கைப் போட்டார். மேலே குழந்தை ஏசு தூங்க, கீழே ரயில் வெளிச்சத்தோடு வளைந்து வந்தது. ஊரே 'ஓ'வென்று கத்தியது. சாமியார் செபத்தை மறந்துவிட்டுக் குனிந்து, "இன்னொரு ரவுண்டு விடுப்பா," என்றார். பிராங்க்ளினைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அந்த உயரத்திலிருந்து அவன் ஜெபாவைத் தேடினான். அவள் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அவன் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அது இப்போது போதவில்லை.

மறுநாள் அவளுக்குச் சாயங்கால டூட்டி. பூசை முடிந்து பிரியாணி சாப்பிட்டதும் பையை எடுத்தாள். பிராங்க்ளினும் சட்டையை மாட்டினான்.

"நீ எங்கய்யா?"

"கதவு எப்புடித் தொறக்குதுன்னு பாக்கணும்."

பொன்னேரி வரை பஸ்ஸில் அவன் பேசிக்கொண்டே வந்தான். ரயிலில் பேச்சு குறைந்தது. சென்ட்ரலில் அந்தப் படிக்கட்டின் தலைமாட்டில் நின்றபோது சுத்தமாக நின்றுவிட்டது. படிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போய்க்கொண்டேயிருந்தன. அவன் மறுபடியும் ஒரு காலைத் தூக்கி இழுத்துக்கொண்டான்.

"அன்னைக்கி," என்றாள் ஜெபசெல்வி மெதுவாக, "கீழயிருந்து பாத்தேன். மேல ஒரு நீலச் செருப்பு வந்துச்சு. தூக்குச்சு. போய்டுச்சு."

அவன் தரையைப் பார்த்தான். "தெரிஞ்சும் கேக்கல நீ."

"கேட்டா பஸ்ஸு மேல பழி போடுவ." அவள் அவன் கையைப் பிடித்தாள். "தெனம் அலையில படகு ஏறுறவன்தானே? படகு நிக்குமா உனக்காக? தூக்குறப்ப கால வைக்கிற இல்ல? அதேதான்யா. படியப் பாரு. இது வேணாம். இதுவும் வேணாம். ம், இப்ப!"

கால் தானாகவே போயிற்று. படி அவனை ஏந்திக்கொண்டது. முழங்கால் லேசாக மடங்கி, படகில் நிற்பதுபோல உடம்பு நேராக நின்றது. வானம் பின்னால் போயிற்று. அவன் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தான், ஆனால் கண்ணை மூடவில்லை.

அவள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். இன்னொரு படிக்கட்டில் இறங்கினார்கள். பளபளவென்று நெடுகக் கண்ணாடி. அதற்குப் பின்னால் எங்கோ தூரத்தில் ஒரு வெளிச்சம் கிளம்பி, சுவரில் ஓடி, பெரிதாகி, ரயிலாக வந்து நின்றது. கதவுகள் இரண்டாகப் பிரிந்தன. கூட்டம் பொங்கியது. இறங்கியதும் ஒரு கிழவி நேராக ஜெபசெல்வியிடம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு வழி கேட்டாள்.

பிராங்க்ளின் சத்தமாகக் கத்திவிட்டான். "ஜெபா! கதவு நாம வச்சதவுட ஒசரம்! செவுரு கலரு சுத்தமா தப்பு! போனதும் மாத்தணும்!"

பிளாட்ஃபாரமே திரும்பிப் பார்த்தது. ஜெபசெல்வி வாயில் விரலை வைத்து அடக்கினாள். ஆனால் அவளுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. டூட்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. அவன் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

"மேல போய் இன்னொரு தபா எறங்கலாமா?" என்று கேட்டான்.