ஹுனைஸின் உடலில் ஒரு காற்றுக்குமிழ்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. என் சிநேகிதன் இனாஸ் முந்தலில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறான். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டான். தலைப்பையும் அவனே தந்தான்: 'மனித உடல் – கலத்திலிருந்து தொகுதி வரை'. "பிள்ளைகளுக்கு விளங்குற மாதிரி எழுதித் தா. கதை கிதை ஒண்டும் வேணாம்" என்று கண்டிப்பாகவும் சொன்னான். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் ஒருவேளை ஒழுங்காக எழுதியிருப்பேன்.

கலங்கள் சேர்ந்தால் இழையம். இழையங்கள் சேர்ந்தால் அங்கம். அங்கங்கள் சேர்ந்தால் தொகுதி. தொகுதிகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு மனிதன். கட்டுரை இவ்வளவுதான். ஆனால் 'ஒரு மனிதன்' என்று எழுதியதும் பேனை நின்றுவிட்டது. எந்த மனிதன்? பாடப்புத்தகத்துப் படத்தில் நிற்கிறவனுக்கு ஊர் இல்லை, பெண்சாதி இல்லை, தோல்கூடப் பாதிதான் இருக்கிறது. பாவம், ஒரு பெயராவது வைப்போமே என்று ஹுனைஸ் என்று வைத்தேன். கற்பிட்டிக்காரன் என்றும் சேர்த்துக்கொண்டேன். பெயர் வைத்த கையோடு அவனுக்குத் தோள் நோகத் தொடங்கியது. என் நிம்மதியும் போயிற்று.

2.

தொடக்கங்கள் சில. அழிக்காமல் விடுகிறேன்.

'கலம் என்பது உயிரின் மிகச்சிறிய அலகு. ஹுனைஸின் உடலில் இருந்த எண்ணற்ற கலங்களில் ஒன்றுக்குக்கூட அன்று கடலுக்குப் போக விருப்பம்—'

(வேண்டாம். கலங்களுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. இனாஸ் சிவப்புப் பேனையோடு வருவான்.)

'அன்று கடல் கண்ணாடி மாதிரி—'

(கடலைக் கண்ணாடி என்று எழுதுகிறவர்கள் அதில் இறங்கிப் பார்த்ததில்லை. நானும் இறங்கிப் பார்த்ததில்லை.)

'ஹுனைஸ் வேகமாக மேலே வந்தான்.'

இது போதும். விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. ஹுனைஸ் கடலட்டை பிடிக்கிறவன். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் அட்டைகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டு வருவான். அன்று காலை கடைசித் தடவை இறங்கியபோது, அடியில் நல்ல அட்டை கண்டு ஆசைப்பட்டு நின்றுவிட்டான். சிலிண்டரில் காற்று முடியப்போகிறது என்று தெரிந்ததும், வழியில் நின்று நின்று ஆறுதலாக வரவேண்டியவன் விறுவிறுவென்று மேலே வந்து படகைப் பிடித்தான். படகில் ஏறிச் சிரித்தான். சிரித்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

3.

இனாஸுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும். ஆகவே இந்தப் பகுதி பாடம்.

நாம் இழுக்கும் மூச்சு சுவாசப்பைக்குள் போகிறது. அங்கே இருக்கும் சிற்றறைகளின் சுவர் மிக மெல்லியது. அதைத் தாண்டிக் காற்று குருதிக்குள் இறங்குகிறது. ஒட்சிசனைக் கலங்கள் எடுத்துச் செலவழித்துவிடும். நைதரசனை அங்கே யாரும் கேட்பதில்லை. வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஆனால் ஆழத்தில், தண்ணீரின் அழுத்தத்துக்கு ஈடாக அடர்ந்த காற்றைத்தான் மூச்செடுக்க வேண்டியிருக்கிறது. கேட்பாரில்லாத நைதரசன் அளவுக்கு மிஞ்சிக் குருதியிலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்து கிடக்கும். மெல்ல மேலே வந்தால் அதுவும் மெல்ல வெளியேறும். விறுவிறுவென்று வந்தால் உள்ளேயே குமிழ் கட்டும். (சோடாப் போத்தலைத் திறப்பதுபோல என்று எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். வேறு உதாரணம் கிடைக்கவில்லை.)

குமிழ் தோலில் தங்கினால் அரிப்பு. மூட்டில் தங்கினால் நோவு. முண்ணாணில் தங்கினால்—

(பொறுங்கள்.)

* முண்ணாண்: முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கயிறு. மூளையின் சொல் காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இந்த வழியாகத்தான் போகவேண்டும். வழி அடைபட்டால் கால் விறைக்கும், அதை மற்றவர்களும் கண்டுகொள்வார்கள். சிறுநீர்ப்பை நிரம்பியபடி இருக்கும், வெளியேறாது. அதை அவனாகச் சொன்னால்தான் உண்டு.

நான் இந்த அடிக்குறிப்பை எழுதிய நேரத்தில் ஹுனைஸ் வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்துவிட்டான். எழுதுகிறவன் இழுத்தடித்தாலும் குமிழ் காத்திருக்காது.

4.

"என்ன, சாப்பிடாமப் படுத்துட்டீங்க?"

கேட்டவள் மர்ஷூதா, ஹுனைஸின் மனைவி. பள்ளிக்கூடம் விட்டு வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒண்டும் இல்ல. தோள் கொஞ்சம் நோவுது."

"கடல்ல இறங்கின இடத்திலயா நோவு பிடிச்ச?"

"சிலிண்டர் தூக்கின நோவு. தைலம் பூசினாப் போயிரும்."

அவள் பூசினாள். சட்டையைக் கழற்றியபோது முதுகில் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. அவள் கை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"போனா டொக்டர் என்ன சொல்லுவாரு தெரியுமா? இனிக் கடலுக்கு இறங்காத எம்பாரு. பொறகு நான் என்ன செய்ற? உங்கட சோக்கட்டியப் பிடிச்சுக்கிட்டு வகுப்புல நிக்கிறதா?"

சிரித்தான். படகில் சிரித்த அதே சிரிப்பு. பிறகு எழுந்து உட்கார்ந்து இடது தொடையைக் கையால் தேய்த்தான். அவள் பார்ப்பதைக் கண்டதும் தேய்ப்பதை நிறுத்திவிட்டான்.

5.

மர்ஷூதாவின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவளை விஞ்ஞான ஆசிரியையாக வைத்தது கதைக்கு மிகவும் வசதியாக இருக்கிறதே! ஆகவே ஒரு பிரதியில் அவளைத் தையல்காரியாக்கினேன். அந்த மர்ஷூதா தைலம் பூசிவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். கதை அங்கேயே நின்றது. ஆகவே ஆசிரியையாகவே இருக்கட்டும்.

ஆனால் எல்லாம் தெரிந்த ஆசிரியை என்று நினைத்துவிடாதீர்கள். நரம்புத் தொகுதியைப் படம் கீறிப் படிப்பிப்பாள். கழிவகற்றும் தொகுதியில் சிறுநீரகம் வரைக்கும் குரல் தெளிவாக இருக்கும். அதற்குக் கீழே வந்ததும் வேகம் கூடிவிடும். "மிச்சத்தை வீட்ட போய் வாசிங்க பிள்ளைகள்" என்று புத்தகத்தை மூடிவிடுவாள். அங்கே எல்லோரும் அப்படித்தான் மூடுகிறார்கள், அவளை மட்டும் குறை சொல்ல முடியாது.

அவளைப் பயமுறுத்துவது புத்தகமல்ல, சித்தி லெய்லா. அடுத்த தெருவில் இருக்கிறாள். அவளுடைய புருஷனும் அட்டைக்கு இறங்கியவர்தான். இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஒரு கலியாண வீட்டில் சித்தி லெய்லா மர்ஷூதாவின் காதோடு சொன்னாள்: "கால் வழங்காமப் போனது பொறகுதான் புள்ள. அதுக்கு முந்தியே அவருக்கு ஒண்டுக்குப் போகல்ல. வெக்கத்துல எனக்கிட்டச் சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா அண்டைக்கே கொண்டு போயிருப்பன்."

இப்போது மர்ஷூதாவுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். காலையிலிருந்து ஹுனைஸுக்குச் சலம் போனதா இல்லையா? கட்டியவனிடம் கேட்பதற்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வாயெடுத்தாள். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

6.

வந்தவர் நெய்னார், படகின் சொந்தக்காரர். கரையில் ஹுனைஸ் தோளைத் தேய்த்ததைக் கண்டவர். கடலில் ஊறிய மனிதர், கெட்டவரல்ல. அவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன், அது பொய்யாக இருந்தது. ஹுனைஸின் மேல் அவருக்கு உண்மையான பாசம். அந்தப் பாசத்தோடுதான் அவனைத் திரும்பக் கடலுக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறார்.

"படகு ரெடியா ஈக்கி. திரும்பக் கீழ இறக்கி, கொஞ்சம் கொஞ்சமா மேல எடுத்தா எல்லாம் சரியாயிரும். போன வருஷமும் இப்பிடித்தானே சுகமாக்கினம்."

தோள் நோவு வந்தவனைத் திரும்பவும் இறக்குவது அங்கே பலர் செய்கிற கைமருந்து. அழுத்தத்தில் குமிழ் சுருங்குமாம். சிலருக்குச் சுகமும் கிடைத்திருக்கிறது, அதனால்தான் அந்த நம்பிக்கை போகமாட்டேன் என்கிறது. ஆனால் முண்ணாணில் கோளாறு உள்ளவன் கீழே போய் கால் வழங்காமல் நின்றால், மேலே வருவது அவன் கையில் இல்லை.

"நானா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா நல்லம். முதல்ல ஒட்சிசன் குடுப்பாங்க. பொறகு எங்க அனுப்போணுமோ அங்க அனுப்புவாங்க" என்றாள் மர்ஷூதா. நெய்னார் இருவருக்கும் நானா, அதாவது அண்ணன் முறை.

"தங்கச்சி, நான் என்ன புத்தி கெட்டவனா? கால் வழங்காட்டியோ மத்தது போகாட்டியோ நான் ஒருத்தரையும் இறக்க மாட்டன். நேரே ஆஸ்பத்திரிதான். அதெல்லாம் கேட்டுட்டன்."

"என்னெண்டு கேட்டீங்க?"

"எல்லாம் சரியாடா எண்டு கேட்டன். ஓம் எண்டான்."

'மத்தது' என்று சொல்லும்போதே அவர் பார்வை சுவருக்குப் போய்விட்டது. ஒரு பெண்பிள்ளையின் முன்னால் அதற்குமேல் விரித்துச் சொல்வது அவருக்கு மரியாதையல்ல. மிச்சத்தைக் கட்டியவள் கேட்டிருப்பாள்தானே என்று நினைத்துக்கொண்டார். ஆண்கள் படகிலேயே கேட்டிருப்பார்கள்தானே என்று, நெய்னாரைக் கண்டதும் வாயெடுத்த கேள்வியை அவள் விழுங்கியிருந்தாள். இரண்டு பேருக்கும் ஹுனைஸின் மேல் உயிர். கேட்க வேண்டியதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் ஹுனைஸ், "லுஹர் தொழுதுட்டு வாரன் நானா" என்று எழுந்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். பைப் திறக்கும் சத்தம் கேட்டது. தொழுகைக்குக் கை கால் கழுவி உளூச் செய்கிறவன் வீட்டிலும் அதே சத்தம்தான், சலம் கழிக்கிறவன் வீட்டிலும் அதே சத்தம்தான். மர்ஷூதா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஓடியது. அதிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை.

7.

முடிவுகள்.

அ) அவள் கேட்கவில்லை. ஹுனைஸ் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான். இறக்கினார்கள், ஏற்றினார்கள், நோவு போய்விட்டது. இரவு மீன் ஆணத்தோடு சோறு சாப்பிட்டான். (இது நடக்கக்கூடியதுதான். எனக்கு ஆகப் பயம் தருகிற முடிவும் இதுதான், ஏனென்றால் அடுத்த தடவையும் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.)

ஆ) அவள் கேட்கவில்லை. ஹுனைஸைக் கீழே இறக்கினார்கள். அவன் காலை உதறப் பார்த்தான், கால் எங்கோ இருந்தது. நெய்னார் கயிற்றைப் பிடித்து இழுத்—

(என்னால் முடியாது. இந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதட்டும், நான் எழுத மாட்டேன்.)

இ) எழுதிய எனக்கே அந்தச் சொல்லை எழுத வெட்கமாக இருக்கிறது. மேலே சலம் என்றேன், சிறுநீர் என்றேன், அடிக்குறிப்பில் ஒளித்தேன், நெய்னாரின் வாயில் 'மத்தது' என்று வைத்தேன். நான் மூடி மூடி எழுதினால் மர்ஷூதா எப்படித் திறந்து கேட்பாள்? அவளுக்கு இருக்கும் வாய் நான் கொடுத்த வாய்தானே? சரி, கொடுக்கிறேன்.

மர்ஷூதா குளியலறைக் கதவடிக்குப் போனாள். பக்கத்தில் ஒரு கதிரையில் நெய்னார் இருந்தார். வாசலில் அயல் பெண்கள் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். இந்தக் கேள்வி இன்று பின்னேரமே ஊர்க்கதையாகும், படகில் போகிற ஆண்கள் ஹுனைஸைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கதவில் படபடவென்று தட்டினாள்.

"இஞ்சப் பாருங்க. காலையில இருந்து உங்களுக்கு மூத்திரம் போச்சா, இல்லயா?"

நெய்னார் திடுக்கிட்டு எழுந்தார். "தங்கச்சி..." என்றார். அவருடைய முகத்தில் இருந்தது கோபமல்ல. தான் கேட்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சத்தமாச் சொல்லுங்க. நானாவும் கேக்கட்டும். கடலும் வேணாம், ஒண்டும் வேணாம். நீங்க நடந்து திரிஞ்சாப் போதும் எனக்கு." அவள் கதவில் இன்னொரு தடவை தட்டினாள். "பொய் மட்டும் சொல்லிப் போடாதீங்க."

உள்ளே பைப்பைப் பூட்டினான் ஹுனைஸ்.

அவனுடைய பதிலை நான் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. நான் 'இல்லை' என்று எழுதினால் அவன் உண்மையைச் சொன்னவனாவான், நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் உங்கள் வீட்டு ஆளை நிறுத்திப் பாருங்கள். தகப்பனோ, புருஷனோ, மகனோ, வெட்கப்பட்டு எல்லாம் சரி என்று சொல்லக்கூடிய யாரோ ஒருவர் இருப்பார். அவர் என்ன சொல்லுவார்? இல்லை என்று ஒத்துக்கொள்வார் என்றால், நெய்னாரின் கையில் மோட்டார் சைக்கிள் சாவி இருக்கிறது, போய் ஒரு வாகனம் பிடித்து வந்து பாலாவிப் பக்கமாக ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்கள், நேரம் இருக்கிறது. ஓம் என்று சொல்லுவார் என்றால், அவர் குரல் எப்படி இருந்தது என்று பாருங்கள். உங்களுக்கு நிச்சயமில்லாவிட்டால் இன்னொரு தடவை கேளுங்கள். மர்ஷூதா இன்னும் கதவடியில்தான் நிற்கிறாள்.