இரண்டு பக்கமும் தண்ணீர்

"ஏம்மா, போன வாரம் வரைக்கும் மலைக்குப் போறதாத்தானே பேச்சு?"

கணவர் கைப்பேசியை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டார். குடியிருப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் அவருக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். வேன் பிடிப்பது அவர் வேலை.

"மலை வேணாம். வெயிலு."

"மலையில என்ன வெயிலு?"

"ஏறும்போது இருக்கும்ல."

"சரி, ஓட்டுப் போடச் சொல்லியிருக்க. ஒண்ணு நீச்சல் குளம், இன்னொண்ணு படகு. ரெண்டு பக்கமும் தண்ணியா வச்சிருக்கியே?"

"பிள்ளைங்களுக்குத் தண்ணின்னா உசுரு. நீங்க சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

தெருமுனை மருந்துக்கடை அவளுடையது. பரீட்சை முடிந்ததும் குடியிருப்பில் இருக்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் வெளியே கூட்டிப்போவது அவள் ஆரம்பித்து வைத்த பழக்கம். மருந்துக்கடையம்மா கூடப் போகிறாள் என்றால் எந்த வீட்டிலும் மறுபேச்சு வராது. அந்தப் பெயரை அவள் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிக் காப்பாற்றி வந்தாள்.

இந்த வருடம் தரைத்தளத்துத் தையல்காரியின் மகளும் உண்டு. போன வருடப் பரீட்சை முடிந்தபிறகு குடிவந்த குடும்பம். பேச ஆரம்பித்தால் நாலாவது மாடிவரை கேட்கும் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு 'ஸ்பீக்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மலைக்குப் போகலாம் என்று முதலில் சொன்னதே அவள்தான். அவளுக்கு வலிப்பு வரும் என்பது தாய்க்கும் மகளுக்கும் மாத்திரை கொடுக்கிறவளுக்கும் மட்டுமே தெரியும். போன மாதம் டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார். சீட்டைப் பார்த்த அன்றைக்கே மருந்துக்கடையம்மா கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். மலைப்பாதையில் வந்துவிட்டால்? நாளைக்கு எல்லாரும் யாரைக் கேட்பார்கள்?

நீ வராதே என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல வாய் வருமா? தண்ணீர் என்று வைத்துவிட்டால் தாயே நிறுத்திக்கொள்வாள். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. பிள்ளைகளே ஓட்டுப் போட்டார்கள். கடையில் தெரிந்ததைக் கடையிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்று வேலைக்கு வரும் பெண்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள், அதை எடுத்துவந்து இப்படிப் பயன்படுத்தினாள்.

நீச்சல் குளம் ஜெயித்தது. மறுநாள் பள்ளி விட்டதும் ஸ்பீக்கர் கடைக்கு வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, வேன்ல விளையாடறதுக்கு யோசிச்சு வச்சிருக்கேன். யார் பாட்டை நடுவுல நிறுத்தினாலும் அடுத்தவங்க அதையே அழுதுக்கிட்டே பாடணும். நம்ம நெட்டைப் பையன் பாடினா தானாவே எல்லாரும் அழுதுடுவாங்க."

"நீயே நடத்து."

"நான் வரலன்னா நீங்க நடத்துங்க."

"ஏன், வரலியா?"

கேட்டபிறகுதான் அவளுக்கே கூசியது. ஸ்பீக்கரின் குரல் முதல்முறையாகப் பக்கத்துக் கடைக்குக்கூடக் கேட்காத அளவுக்கு இறங்கியது.

"அம்மா யோசிக்கிறாங்க ஆன்ட்டி."

அன்று சாயங்காலமே அம்மா வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடி, மூச்சு வாங்க.

"அக்கா, நான் அனுப்பிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"தண்ணியாச்சே!"

"ஆமாக்கா. முதல்ல முடியவே முடியாதுன்னேன். அவ ஒண்ணும் சண்டை போடல. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. கத்துற பிள்ளை கத்தாம இருந்தா பெத்தவளுக்குத் தாங்குமா?"

"அதுக்காக..."

"நீங்க இருக்கீங்களேக்கா! வேற யார் கூப்பிட்டிருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். அவளுக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியும். உங்க கண்ணு அவ மேலயே இருக்கும். எனக்கு அது போதும்."

மருந்துக்கடையம்மா கையிலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்போதே சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள்.

"மாத்திரை... தவறாம போடறாளா?"

"போடறாக்கா."

"சரி."

இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு, மொட்டைமாடியில் பிள்ளைகளைக் கூட்டினாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"திட்டம் மாறுது. நீச்சல் குளத்தை மூடிட்டாங்களாம். ஏதோ மராமத்து வேலை. நாம மறுபடி மலைக்கே..."

"எப்ப ஆன்ட்டி மூடினாங்க?" நெட்டை நிமிர்ந்தான். அந்தக் கூட்டத்திலேயே உயரமானவன். உட்கார்ந்தாலும் நிற்கிற மாதிரி இருப்பான்.

"இப்பத்தான். நேத்து."

"எங்க மாமா காலையில அங்கதானே குளிச்சாரு?"

"உங்க மாமா தினம் குளிக்கிறாரா?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அதற்குள் நெட்டை எண்ணைத் தேடிப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டான்.

"ஹலோ, நீச்சல் குளமா? திறந்திருக்கா?"

"திறந்திருக்கு தம்பி. எத்தனை பேரு?"

"மராமத்து வேலை ஏதும்..?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லையே. யாரு சொன்னா?"

நெட்டை அணைத்தான். சிரிப்பு நின்றுபோனது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாக் கண்களும் அவளிடம் வந்தன.

"ஏன் ஆன்ட்டி பொய் சொன்னீங்க?"

அவளுக்குக் காது சுட்டது. பொய்க்குப் பின்னால் இருக்கிற உண்மை அவளுடையதாக இருந்தால் அங்கேயே கொட்டியிருப்பாள். அது வேறொருத்தியின் உண்மை.

"எனக்குத்தான் தண்ணின்னா பயம்பா. கடைசி நேரத்துல..."

"பயம்னா நீங்களே எதுக்குத் தண்ணியை வச்சு ஓட்டுப் போடச் சொன்னீங்க?"

"விடுடா நெட்டை." ஸ்பீக்கர்தான். "எனக்காகச் சொல்றாங்க."

"கண்ணு, வேணாம். நீ சும்மா இரு."

"நீங்க இருங்க ஆன்ட்டி." அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினாள். "எனக்கு வலிப்பு வரும். அடிக்கடி இல்ல. மாத்திரை போடறேன். தண்ணியில வந்தா ஆபத்து. போதுமா?"

நெட்டை தலையைச் சொறிந்தான்.

"வந்தா நாங்க என்ன பண்ணணும்? கையில இரும்பு குடுக்கணுமா?"

"குடுத்தே, எழுந்ததும் அதாலயே அடிப்பேன்."

யாரோ களுக்கென்றார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

"பிடிச்சு அமுக்கக்கூடாது. வாயில எதையும் திணிக்கக்கூடாது. தலைக்குக் கீழ எதையாவது மெத்துனு வச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். ரொம்ப நேரம் நிக்கலன்னா ஆம்புலன்ஸ். அவ்ளோதான்."

"இவ்ளோதானா? நான் என்னமோன்னு நினைச்சேன்" என்றான் நெட்டை.

"அப்ப மலைக்கே போவோம். வேன் போற வரைக்கும் போனா போதும். நடக்க எனக்கும் சோம்பேறித்தனம்" என்றாள் மாமாவைக் கிண்டல் செய்தவள்.

அடுத்த நிமிடம் அவர்களுக்குள் கூச்சல் ஆரம்பமாகிவிட்டது. யார் ஜன்னலோரம், யார் பந்து கொண்டுவருவது. மருந்துக்கடையம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் எழுந்து படியிறங்கினாள். பின்னால் செருப்புச் சத்தம் வந்தது.

"ஆன்ட்டி, மலைக்குப் போறதா இருந்ததைத் தண்ணியா மாத்தினதும் எனக்காகத்தானே?"

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா. நீயா நின்னுடுவேன்னு."

"அன்னைக்கே தெரியும். ஓட்டைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா கடைக்கு வந்து அந்த விளையாட்டெல்லாம் சொன்னே?"

"சொன்னா மனசு மாறுவீங்கன்னு பார்த்தேன்." ஸ்பீக்கரின் குரல் உடைந்தது. "இதுக்கு முன்னாடி இருந்த இடத்துல எல்லாருக்கும் தெரியும் ஆன்ட்டி. எந்த வீட்டுலயும் கூப்பிட மாட்டாங்க. இங்க யாருக்கும் தெரியாம ஒரு வருஷம் இருந்துட்டேன். ஜாலியா இருந்துச்சு."

"நான் கெடுத்துட்டேன்."

இல்லை ஆன்ட்டி என்று அவள் சொல்லவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"எதை? நான் வெளியில சொல்லிட்டேன்கிறதையா, நீங்க பண்ணதையா?"

"நான் பண்ணதைத்தான்."

பெண் திரும்பி மேலே ஏறிப் போனாள். மருந்துக்கடையம்மா கடைசிப் படிவரை இறங்கினாள். தையல்காரியின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்கக்கா, வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க. இதைப் பாருங்க." அவள் கால் நிற்கவில்லை. ஊசியின் அடியிலிருந்து கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத் துணி வழுக்கிக்கொண்டு வந்தது. "அவளுக்கு நீச்சல் டிரெஸ். முழங்கை வரைக்கும் வச்சுத் தைக்கிறேன். கலரு கொஞ்சம் அடிக்குதுன்னு அவ கத்துவா, கத்தட்டும். அத்தனை பிள்ளைங்க நடுவுல இருந்தாலும் உங்க கண்ணுக்கு இவ டக்குனு தெரியணும்ல?"

மருந்துக்கடையம்மா நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை ஒதுக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"மிஷினை நிறுத்தும்மா. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."