பட்டை வெட்டிய இடம்

கடல் வடிந்த பாறையில் மண்டியிட்ட ஷோனாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாறையில் ஓடும் இளஞ்சிவப்புக் கிரானைட் நரம்பைக் கறுப்புக் கல் பட்டை குறுக்கே வெட்டிப் போகிற அந்த இடத்தையே காணோம்! அங்கே வட்ட வட்டமாய்த் துளைகள்தான் இருந்தன. யாரோ கருவி வைத்துக் குடைந்து எடுத்துப் போயிருக்கிறான்.

யாரோ என்ன யாரோ, ஃபேர்குஸ்தான். பாறை ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அடுத்த அறைக்காரன். இந்த ஸ்காட்லாந்துக் கரையில் நரம்பும் பட்டையும் சந்திப்பதே அந்த ஓரிடத்தில்தான். வெட்டுப்பட்டது முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும், ஆகவே கிரானைட்தான் மூத்தது என்று அவள் பல வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்கிறாள். பட்டைதான் மூத்தது என்பது அவன் கட்சி. நாளை நார்வேயிலிருந்து பாறை நிபுணர்கள் நேரில் பார்த்து முடிவு சொல்ல வருகிறார்கள். எதைப் பார்ப்பார்கள், ஓட்டையையா?

ஊர் திரும்பும்வரை காரில் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆய்வுக்கூடத்தில் அவனோ நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அங்க போயி ஏன்டா குடைஞ்சே? கொஞ்சம் தள்ளிக் குடைஞ்சா குறைஞ்சா போயிடுவே?"

"மத்த இடமெல்லாம் உப்புக்காத்துல உளுத்துக் கிடக்கு, ஷோனா. வயசு பாக்கணும்னா நல்ல கல்லுலேருந்து சிர்கான் மணி எடுக்கணும்ல?"

"எடுத்த கல்லு எங்க? ஒட்டவச்சாவது காட்டுறேன்."

"கறுப்பை அறுத்து வீசிட்டேன். கிரானைட்டை அரைச்சாச்சு."

"முழுசாவா?"

"நாலு சிர்கான் மணி கிடைக்கவே அவ்வளவு அரைக்கணும். உனக்குத் தெரியாததா?"

"சரி, வயசு என்ன வந்துச்சு?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "நூத்தித் தொண்ணூறு கோடி வருஷம். முன்னப்பின்ன மூணு கோடி இருக்கலாம்."

ஏற்கெனவே கணித்திருந்த பட்டையின் வயதும் அந்த மூன்று கோடி ஏற்ற இறக்கத்துக்குள்ளேயேதான் கிடந்தது. எது மூத்தது என்று இனி எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. பாறை ஒன்றுதான் சொல்லியிருக்கும்.

"உங்கிட்டதான் போட்டோ இருக்கே" என்று இழுத்தான்.

"வெறும் நிழலு, வெட்டும் இல்ல ஒண்ணும் இல்லன்னு அந்தப் போட்டோவைப் பாத்து அத்தனை பேர் முன்னாடி சிரிச்சது யாருடா? உங்கப்பனா?"

ஷோனா அவன் மேசையிலிருந்த குப்பியை எடுத்து மூடியைத் திருகினாள். இளஞ்சிவப்புப் பொடியை அவன் காகிதங்கள்மேல் கடைசித் துகள்வரை கொட்டினாள்.

"நாளைக்கு நீயே அவங்களைக் கூட்டிட்டு வந்து காட்டு. இதுல எது எதை வெட்டிச்சு?"