நான் தலையாட்டிய வெள்ளிக்கிழமை

நான் பொய் சொல்லவில்லை. இரண்டு வருடமாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, தலையை மட்டும்தான் ஆட்டினேன். அதை நம்பித்தான் என் கொழுந்தன் பெண்டாட்டி வனிதா, ஐந்து மாத வயிற்றோடு, மாசமானவர்களுக்குப் போடுகிற ரணஜன்னித் தடுப்பூசி வேண்டவே வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தாள்.

தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் எங்களுக்கு வேலை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுதான். ஒரு வீட்டில் நானும் என் வீட்டுக்காரர் சக்திவேலும் மாமியார் பழனியம்மாளும். அடுத்த வீட்டில் கொழுந்தன் சத்யராஜும் வனிதாவும். வனிதா கல்யாணமாகி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. உப்பு எவ்வளவு போடுவது என்பதிலிருந்து எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பாள். "அக்கா சொன்னாச் சரிதான்" என்பாள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திமிர் அதைவிட நீளம். எஸ்டேட்டில் மிளகு பறிக்க ஏணி ஏறுகிற ஒரே பொம்பளை நான்தான். சில்வர் ஓக் மரத்தில் கொடி இருபது முப்பது அடி போகும். மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். ஆம்பிளைகளுக்கே கால் நடுங்குகிற இடத்தில் நான் பாட்டுப் பாடிக்கொண்டு நிற்பேன். "கலாவதி ஏறுனா மரமே மொட்டைதான்" என்று கணக்கெழுதுகிற ரைட்டர் சொல்வார். அந்த ஒரு பேச்சுக்காகவே இன்னும் இரண்டு மரம் ஏறுவேன். என்ன புத்தியோ, கருமம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு ஐந்து மாதம். ஏணியைத் தொடக்கூடாது என்று மாமியார் கண்டித்துச் சொன்னார். சக்திவேல் கையைப் பிடித்துக் கெஞ்சினார். சரி சரி என்று சொல்லிவிட்டு, தை மாதம் ஒரு திங்கட்கிழமை ஏறினேன். நாலாவது படியில் ஏணி வழுக்கியது. பெரிய உயரம் ஒன்றும் இல்லை, சருகு மேல் உட்கார்ந்த மாதிரிதான் விழுந்தேன். யாரும் பார்க்கவில்லை. எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, நின்ற வாக்கில் எட்டுகிற காயைப் பறிக்க ஆரம்பித்தேன். இடுப்பு மட்டும் விண்விண்ணென்று தெறித்தது.

புதன்கிழமை நர்சம்மா சாந்தாமேரி அந்த ரணஜன்னி ஊசி போட லைனுக்கு வந்தார். எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பல வருடமாக அவர்தான் நர்சு. அன்றைக்குக் கூட்டம். பனி இறங்கிக்கொண்டிருந்தது, அவருக்கு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "ஒண்ணும் ஆகாது கண்ணு" என்று கையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எங்காவது வலிக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை விடியும்போது ரத்தம் போக ஆரம்பித்தது. ஜீப் வந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பொம்பளைப் பிள்ளை. சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் தடவினார். ஊசி போட்ட இடம் இன்னும் சிவந்து தடித்திருந்தது.

"இதுனாலதான கண்ணு? புதன்கெழம வரைக்கும் நல்லாத்தான இருந்த?"

சக்திவேல் வாசல்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஏணி என்று சொன்னால் இந்த இரண்டு பேரும் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். தலையை ஆட்டினேன்.

அடுத்த புதன் நர்சம்மா துக்கம் விசாரிக்க வந்தார். மாமியார் தெருமண்ணை இரண்டு கையாலும் அள்ளி அவர் மேல் தூற்றினார். "எங்கூட்டுக் குருத்தக் கருக்கிட்டியேடி, உன்ற வம்சம் வெளங்குமா? நீயும் வயித்தெரிச்சல்ல வேகோணும்!" லைனே வேடிக்கை பார்த்தது. நர்சம்மா தலையில் விழுந்த மண்ணைக்கூடத் தட்டாமல் நின்றார். நான் படுத்த இடத்திலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாவி, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதன்பிறகு அவர் எங்கள் லைனுக்குள் வரவில்லை. கீழே ரோட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். போகிறவர்கள் போவார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போனதில்லை.

இப்போது வனிதாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் கவ்வாத்து வேலைக்குப் போகிறவள், காப்பிச் செடியைக் கழிக்கிற கத்தி துருப்பிடித்த கத்தி. ஆவணியில் பெய்த மழையில் ரோடு சரிந்து, நாலு வீடு தள்ளி இருக்கிற காவேரிக்கு ஜீப்பிலேயே பிரசவம் ஆனது. தொப்புள்கொடியை எதை வைத்து அறுத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. காவேரி ரணஜன்னி ஊசி இரண்டு தவணையும் போட்டிருந்ததால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நர்சம்மா சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நம் வனிதாவுக்கு அப்படி நடந்தால்? "போட்டுக்க வனிதா" என்று ஒரு நாள் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களே இப்படிச் சொல்றீங்களாக்கா? உங்களுக்கு அப்படி நடந்த பின்னாலயுமா?" என்று அழுதாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் நர்சம்மா மேலே ஏறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. வனிதா எங்கள் வீட்டில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமியார் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார், முகத்தைப் பார்க்கக்கூட இஷ்டமில்லை. உட்காருங்கள் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. அவராகவே தரையில் உட்கார்ந்தார்.

"வனிதா, ஊசி போட நான் வரல. பேசத்தான் வந்தேன். உனக்கு என்ன பயமோ கேளு."

வனிதா என்னைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அக்காளுக்கு ஏனுங்க அப்படி ஆச்சு?"

நர்சம்மா சமாளிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"தெரியல கண்ணு. அன்னைக்கு அதே மருந்து போட்ட யாருக்கும் எதுவும் ஆகல. பெரிய டாக்டருகிட்டக் கேட்டேன். இந்த ஊசியால கரு கலையாதுன்னுதான் சொன்னாங்க. நான் படிச்சதும் அதுதான், இத்தன வருசமாப் பாத்ததும் அதுதான். கை வீங்கும், ஒரு நாள் லேசாக் காய்ச்சல் அடிக்கும். ஆனா கலாவுக்கு ஏன் ஆச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லோணும். ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி வாய மூடிப் பழகிட்டேன். ரெண்டு வார்த்த நின்னு கேக்கல. அது என்ற தப்பு."

வனிதா காயை ஆய்வதை நிறுத்திவிட்டாள்.

"இன்னொண்ணும் சொல்றேன்" என்றார் நர்சம்மா. "என்ற மவ அபிஷா போன வருசம் முழுகாம இருந்தா. ஊருக்கெல்லாம் போடற எனக்கு அவளுக்குப் போடக் கை வரல. சாபத்துல எல்லாம் எனக்கு நம்பிக்கை கெடையாது, சர்ச்சுக்குப் போறவ நான். ஆனாலும் கை நடுங்குச்சு. அவ ஊசி போட்டுக்கோணும், அதுல சந்தேகமில்ல. வேற நர்சுகிட்ட அனுப்பிட்டு நான் வெளிய நின்னுட்டிருந்தேன்."

எனக்கு அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. எழுந்து போகலாம் என்று பார்த்தால், சக்திவேல் விறகுக் கட்டோடு வாசலில் நிற்கிறார். நர்சம்மா என் பக்கம் திரும்பினார்.

"கலா, ரெண்டு வருசம் கழிச்சுக் கேக்கறேன், மன்னிச்சுக்க. அன்னைக்கு ஊசி போடறதுக்கு முன்னாலயே உனக்கு எங்கயாச்சும் வலி இருந்துச்சா?"

யாரும் என்னை அதுவரை அப்படிக் கேட்டதே இல்லை. பதிலைத் தாங்களே சொல்லிவிட்டு, ஆமாவா என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"இருந்துச்சுங்க" என்றேன். "திங்கக்கெழம ஏணில இருந்து விழுந்துட்டேன்."

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. எந்த மரம், எத்தனையாவது படி, ரைட்டர் என்ன சொன்னார், சேலையை எப்படித் தட்டிவிட்டேன், எல்லாவற்றையும் கொட்டினேன். முற்றத்திலிருந்து மாமியார் ஓடி வந்தார். "ஏய், இந்த நர்சு உன்னய மெரட்டிட்டாளா? யார மெரட்டற நீ?" என்று நர்சம்மா மேல் பாய்ந்தார். "அவங்க மெரட்டல அத்தே, நான்தான் உங்களயெல்லாம் ஏமாத்திட்டேன்" என்று கத்தினேன். மாமியார் அப்படியே நின்றுவிட்டார். தன் இரண்டு உள்ளங்கையையும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நர்சம்மா அழுவார், இல்லை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"விழுந்ததுதான் காரணம்னும் அடிச்சுச் சொல்ல முடியாது கலா" என்றார். "ஆனா அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா ஊசிய வெச்சுட்டு உன்னய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். நடுவுல ரெண்டு நாள் இருந்துச்சே."

இரண்டு நாள். நான் இத்தனை நாளும் மறைத்தது பழியைத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைக் காப்பாற்ற இருந்த இரண்டு நாளையும் சேர்த்து மறைத்திருக்கிறேன்.

சக்திவேல் விறகுக் கட்டை இறக்கி வைத்தார். "எங்கிட்டக் கூடச் சொல்லத் தோணலயா?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை, வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து சோறு, தண்ணீர் என்பதற்கு மேல் பேச்சு இல்லை. மாமியார் நர்சம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. ஆனால் புதன்கிழமையானால் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு, ஒரு பலகையை எடுத்துப் போடுகிறார். நர்சம்மா இப்போது அதில் உட்கார்ந்துதான் பேசுகிறார். லைன் பொம்பளைகள் வந்து எதை எதையோ கேட்கிறார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், வெளியே போக முகமில்லை.

வனிதா அன்றைக்கே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வாரம் யோசித்தாள். யாரிடமும் கேட்கவில்லை, என்னிடம் சுத்தமாகக் கேட்கவில்லை. அடுத்த புதன் சத்யராஜோடு வந்து பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நர்சம்மாவிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு, கையை நீட்டினாள். நர்சம்மா கை நடுங்கியதா என்று நான் பார்த்தேன். நடுங்கவில்லை.

மறுநாள் காலை வனிதா கையைப் பிடித்தபடி குழாயடிக்கு வந்தாள். லேசான காய்ச்சல் என்று முகத்திலேயே தெரிந்தது. நான் அவள் குடத்தை வாங்கித் தண்ணீர் பிடித்தேன். அவள் வயிற்றுப் பிள்ளைக்கு எதனால் எது நடந்தாலும் அது என் தலையில்தான் விழும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயம் ஒருபக்கம் இருக்கட்டும். பிள்ளை நல்லபடியாக வர வேண்டும், அதற்கு என்ன செய்யச் சொன்னாலும் செய்வேன்.

"வனிதா, வயிறு வலிச்சா, இடுப்பு வலிச்சா, கல்லு தடுக்கி உழுந்தாக்கூட உடனே எங்கிட்டச் சொல்லிரு சாமி. மறைக்காத. என்னய மாதிரி இருக்காத."

அவள் குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுவேன்க்கா. நர்சம்மா போன் நம்பர் குடுத்திருக்காங்க, அவங்ககிட்டச் சொல்லுவேன். உங்ககிட்டச் சொல்லமாட்டேன்."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது பேசியிருப்பேன்.