பாறைக்கு ஒரு மூடி தண்ணீர்

ஜீப் காட்டுப் பள்ளத்தில் உருண்ட மறுநாள் காலையில்தான் டிரைவர் அண்ணன் முதன்முதலாக அந்த ஆளைப் பற்றிப் பேசினார்.

சர்வேயர் அப்போது பிளாஸ்க் மூடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆளுக்கு அரை மூடி. அதைக் குடித்தால் அடுத்தது வெயில் தலைக்கு மேல் வந்த பிறகுதான்.

"அவருக்கு?" என்றார் அண்ணன்.

"யாருக்கு அண்ணே?"

"எதிர்ல உக்காந்திருக்காரே. அவரை வச்சுக்கிட்டு நாம மட்டும் குடிச்சா நல்லாவா இருக்கு?"

எதிரில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதன்மேல் வெயில். வேறு எதுவும் இல்லை.

காய்ச்சல் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அவருடைய தொடை எலும்பு முறிந்திருந்தது. நிலம் அளக்க ஊன்றும் குறிக்கம்பு இரண்டை அணை கொடுத்துத் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டியிருந்தாள். சர்வே குடையை அவர் தலைமாட்டில் ஊன்றியிருந்தாள். அலுவலகத்தில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். ஈ காக்கை இல்லாத ரோட்டிலும் வளைவுக்கு வளைவு அடிப்பார். அந்த மனுஷன் இப்போது கிசுகிசுத்துப் பேசினார்.

தப்பு அவளுடையது. கிளம்பும்போது அலுவலகத்தில் வரைபட அலமாரிக்குப் பக்கத்துப் பலகையில் எந்த வழி என்று எழுத வேண்டும். "சாயங்காலம் வந்துருவோம்ல" என்று எழுதாமலே வந்துவிட்டாள். போனில் சிக்னல் இல்லை. தேடி வருகிறவர்கள் எந்தப் பக்கம் தேடுவார்கள்?

"குடிங்கண்ணே."

"முதல்ல அவருக்குக் குடுங்க மேடம்." வாயை இறுக மூடிக்கொண்டார்.

கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். அவர் மசியவில்லை. கடைசியில் எரிச்சலோடு கால் மூடி ஊற்றிப் பாறைமேல் வைத்தாள். அண்ணனின் காலில் கட்டியிருந்ததை இறுக்கிவிட்டுத் திரும்பியபோது மூடி காலியாக இருந்தது. வெயில் குடித்திருக்கும். அதையே இரண்டு முறை தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மதியத்தில் தண்ணீர் தீர்ந்தது. வரைபடத்தின்படி ஆறு கீழே இரண்டு மணி நேர நடை. அவள் எழுந்து நின்றாள்.

"போகாதீங்க மேடம். கீழ போனா திரும்ப மாட்டீங்களாம். ஓடை வளைவுல, பாறை நிழல் விழுற எடத்துல தோண்டச் சொல்றாரு."

வறண்ட ஓடை பத்தடி தள்ளித்தான் இருந்தது. உண்மையில் அவள் கால்களுக்கும் இறங்கும் தெம்பு இல்லை. டிபன் பாக்ஸ் மூடியால் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் மணல் குளிர்ந்தது. இன்னும் ஒரு சாண் போனதும் கலங்கலாகத் தண்ணீர் ஊறியது. மிச்சமிருந்த துப்பட்டாவில் வடிகட்டி அண்ணனுக்குக் கொடுத்தாள், தானும் குடித்தாள். யாரும் கேட்காமலே பாறைக்கும் ஒரு மூடி வைத்தாள்.

மூன்றாம் நாள் அண்ணனுக்குக் காய்ச்சல் இறங்கியது.

"எப்படி மேடம் அங்க தோண்டணும்னு தோணுச்சு?"

"நீங்கதானே சொன்னீங்க!"

"நானா? எனக்கு ஜீப் உருண்டதுக்கு அப்புறம் ஒண்ணுமே ஞாபகம் இல்லையே." சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் சுற்றியிருந்த அமைதி காதை அடைத்தது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அப்போதுதான் அவளுடைய இடப்பக்கம் சரளைக்கல் நெரிந்தது, ஒருவர் உட்காரும்போது நெரிவதுபோல.

அவள் திரும்பவில்லை. கழுத்து மரத்துவிட்டது. ஆனால் பயத்தைவிட ஒரு படி மேலாக இருந்தது ஆறுதல். இரண்டு நாளாக யாரிடமும் அழ முடியாமல் இருந்தவள் அழுதாள். பலகையில் எழுதாததைச் சொன்னாள். கிளம்பும் அன்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்த மகளைத் திட்டியதைச் சொன்னாள்.

"ம்" என்று ஒரு சத்தம் வந்தது.

அண்ணன் தூக்கத்தில் முனகியிருக்கலாம். ஆனால் அண்ணன் வலப்பக்கம் படுத்திருந்தார்.

நான்காம் நாள் காலை, ஒவ்வொரு பாதையாகத் தேடிய வனக்காவலர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அண்ணனைத் தூக்கியதும் அவள், "கொஞ்சம் இருங்க, அவரும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"இன்னொருத்தரா? ரெண்டு பேர்னுதானே ஆபீஸ்ல சொன்னாங்க?"

"ரெண்டு பேர்தான்" என்றாள். வழி நெடுக அவள் இடப்பக்கம் பார்க்கவேயில்லை.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணனின் கால் பிழைத்துவிட்டது. வார்டில் இருக்கிறவர்களை எல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி டீ வாங்கப் போன நேரம் பார்த்து, வேறு யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள்: சரளைக்கல்லை, அந்த 'ம்'மை.

அண்ணனின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. கொஞ்ச நேரம் போர்வை நுனியை நீவிக்கொண்டிருந்தார்.

"நீங்க திரும்பிப் பாக்கலையே மேடம்?"

"இல்லண்ணே."

"நல்லவேளை" என்றார். "எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது. நான் அவர் முகத்தைப் பாத்தேன்."